இருபத்துநாலாவது கண்ணிவெடி

அங்கோலாவில், குயிட்டோவுக்குக் கிழக்கே ஒரு காவல் நிலையம். அதன் ஆயுதக் கிடங்குக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி ஆய்வாளரிடம், மற்றது செவெரினோ கச்சிப்பாவிடம். திங்கட்கிழமைதோறும் எழுபத்தெட்டுத் துப்பாக்கிகளின் எண்களையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். போர்க்காலத்தில் படையின் கிடங்கிலும் அவருக்கு இதே வேலைதான். அந்தக் குறிப்பேடு இன்னும் அவர் வீட்டில் இருந்தது. 14 மார்ச் 1994: ஓடைக்கரை வரிசைக்குக் கண்ணிவெடி 24. எடுத்துக் கொடுத்ததும் அவர், எழுதியதும் அவர்.

2019 செப்டம்பரில் கண்ணிவெடி அகற்றும் குழு அந்தக் கரைக்கு வந்தது. குறிப்பேட்டோடு செவெரினோவும் அங்கே போனார். பதினெட்டாம் தேதிவரை கிடைத்தவை இருபத்துமூன்று. வரிசையில் ஓரிடம் காலி.

“மாடு மிதிச்சு எப்பவோ வெடிச்சிருக்குமோ, ஐயா?” என்றாள் குழுத் தலைவி டொமிங்காஸ்.

“வெடிச்சிருந்தா துண்டு கிடக்கணுமேம்மா.”

“அதான் எனக்கும் உறுத்துது.”

அது கிடைக்கும்வரை விதைக்க விடக் கூடாது என்றார் செவெரினோ. நிலத்துக்காரி ஃபிலிப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மழைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

“துப்பாக்கி எண்ணுறவருக்கு விதைப்போட அவசரம் எங்க தெரியும்? சோளம் போடலேன்னா உங்க நோட்டைப் போட்டுக் கஞ்சி காய்ச்சவா?”

“காய்ச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. இங்க யாராச்சும் வெடியைத் தோண்டி எடுத்தாங்களா?”

அவள் குரல் இறங்கியது. “எங்க வீட்டுக்காரர் ஒண்ணு எடுத்தாரு. தண்ணிக்குப் போற வழியில இருந்துச்சு. எங்கயோ புதைச்சு, மேல ரெண்டு கிளையைக் குறுக்கா கட்டி வச்சிருக்கேன், அந்தப் பக்கம் போகாதேன்னாரு. எந்தப் பக்கம்னு கேக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. கிளை எதையும் நான் பாக்கவேயில்ல.”

“கறையான் தின்னிருக்கும்,” என்றார் செவெரினோ.

மூவரும் ஒரே திசையில் திரும்பினார்கள். தேடுவதற்காகக் குழு நாடா கட்டிய எல்லைக்கு வெளியே, ஆள் உயரக் கறையான் புற்று.

“சுவர் பூச வருசா வருசம் அங்கதானே மண்ணு வெட்டுறேன்,” என்றாள் ஃபிலிப்பா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்காம் நாள் புற்றருகே வெடி தேடும் கருவி ஒலித்தது. அவள் கடைசியாக மண்வெட்டி போட்ட குழியிலிருந்து ஒன்றரைச் சாண். அன்று காலை பதினொன்று நாற்பதுக்கு அதை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். அக்டோபர் ஐந்தில் மழை, ஆறில் விதைப்பு.

மறுநாள் திங்கட்கிழமை, ஃபிலிப்பா சுரைக்குடுவை நிறையச் சோளப் பானத்தோடு நிலையத்துக்கு வந்தபோது, செவெரினோ கிடங்குக்குள் துப்பாக்கி எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

“நோட்டுல என்ன எழுதினீங்க?”

“அழிந்தவை 24. மீதி இல்லை.”

“நீங்க அதை அப்படியே விட்டிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன், அண்ணே.”

“எடுத்துக் கொடுத்தவன் நாந்தாம்மா. அது உன்னைத் தொடாம இருந்துச்சே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும். நீ வாயைத் திறக்கலேன்னா அந்த வரி முடிஞ்சிருக்காது.”

“சரி, குடிங்க.”

“கிடங்குக்குள்ள கூடாது.”

இரண்டு பூட்டும் விழும்வரை அவள் குடுவையை ஏந்தியபடி வெயிலில் நின்றாள்.