மருதமரம் நின்ற இடம்

அறுபதுகளில் நான் திருகோணமலையில் நில அளவையாளனாக இருந்தேன். கிண்ணியாப் பக்கம் ஆற்றின் நடுவே இருந்த ஒரு மணல்திட்டுக்காக இரு கரை ஊர்களும் வழக்காடின. வத்தகை, அதாவது தர்பூசணி, நன்றாக விளையும் திட்டு அது. எல்லையாக நின்ற மருதமரத்தை வெள்ளம் முறித்துக் கொண்டுபோயிருந்தது. மரம் திட்டின் கிழக்கு ஓரத்தில் நின்றது, அதனால் திட்டு எங்களுடையது என்றார்கள் மேற்குக் கரையார். மேற்கு ஓரத்தில்தான் என்றார்கள் கிழக்குக் கரையார்.

நான் அளக்கப் போன அன்று பெரிய சண்டை. மேற்குக் கரையாருக்காக முறைப்பாடு கொடுத்தவரும் அங்கே நின்றார்; அவருடைய தங்கை சற்றுத் தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். புல்லுக்கட்டை இறக்கிவிட்டு மேற்கு ஓரத்துக்கு நடந்தாள்.

"அண்ணை, மரம் நிண்டது இஞ்சதான். இதின்ர நிழலில இருந்துதான் பிள்ளைக்குப் பால் குடுத்தனான். என்னால பொய் சொல்ல ஏலாது."

அவள் காட்டிய இடத்தில் தோண்டினோம். மார்பளவு ஆழத்தில் மருதின் அடிக்கட்டை தட்டுப்பட்டது. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமலே தோணி ஏறினார். அவள் அழுதாள்.

கிழக்குக் கரையின் முதிய முஸ்லிம் விவசாயி அவளிடம் வந்தார். "உண்மையச் சொன்ன நீங்க நட்டப்படக் கூடாது, தங்கச்சி. புல்லு வெட்டுங்க. வத்தகைக் கொடி போடவும் ஒரு துண்டு நிலம் விடுறம்."

அடுத்த கோடையில் எல்லைக்கல் நடப் போனேன். அந்தத் துண்டில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லை நேரா நடுங்கோ, ஐயா" என்றார் அண்ணன், சிரித்தபடி.