முடி முளைத்தால் மொட்டை

போன வியாழக்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டு நிற்கிறேன்... போன் அடித்தது. முரசுமோட்டையிலிருந்து என் தங்கை.

"அண்ணை, உடன வெளிக்கிட்டு வாங்கோ. இவன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருக்கிறான்."

"ஏன், என்ன நடந்தது?"

"தலைமயிர் முளைச்சிட்டுது!" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

நீங்களே சொல்லுங்கள். தலைமயிர் முளைத்ததற்கு எந்த வீட்டிலாவது அழுவார்களா? என் தங்கை வீட்டில் அழுவார்கள். நான் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ச் சேருவதற்குள் உங்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'இவன்' என்பது தங்கையின் ஒரே மகன் நிரோஜன். மல்லாவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். முப்பது வயது ஆகவில்லை. ஆனால் உச்சந்தலை அவசரப்பட்டுவிட்டது. கரும்பலகையில் எழுத முதுகைத் திருப்பினால் பின்வாங்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகிக்கொண்டான்.

வீட்டில் குற்றவாளியைத் தேடினார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீர் - வன்னியில் எது நடந்தாலும் முதலில் கைதாவது அதுதான். ஆனால் அதே தண்ணீரில் குளிக்கிற அவன் அப்பாவுக்குத் தலை நிறைய முடி. அடுத்தது ஹெல்மெட். ஹெல்மெட் போடுகிற ஊரே மொட்டையாகவில்லையே? கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாமன்ர தலை" என்றாள் தங்கை.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்திக்கு மேலே அச்சாகிற என் படத்தை நெற்றியோடு வெட்டிப் போடுவது பத்திரிகை ஆசிரியரின் பெருந்தன்மை. அதற்கு மேல் காட்ட ஒன்றுமில்லை.

வைத்தியம் தொடங்கியது. சின்ன வெங்காயச் சாறு தேய்த்தாள் தங்கை. முடி வரவில்லை, வாசம் வந்தது. "சேர், வடை போடப் போறியளோ?" என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். வெங்காயம் நின்றது. பிறகு கரிசலாங்கண்ணி எண்ணெய். சேர்ட் கொலர் எல்லாம் பச்சை. பிறகு பேஸ்புக்கில் ஒரு மூலிகைத் தைலம்... போத்தலின் படத்தில் இருந்த பெண்ணுக்கு முடி முழங்கால் வரை. இவனுக்குப் பொடுகு மட்டும் கூடியது.

கொழும்பிலிருந்து வந்த கூட்டாளி ஒருத்தன், தலையின் பின்பக்கத்திலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்பக்கத்தில் நடுகிற சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னான். நெல் விதைக்கிற நிரோஜனின் அப்பா காது கொடுத்துக் கேட்டார்.

"அப்ப, பின் வயலைப் பிடுங்கி முன் வயலில நடுறது. நட்டாப் போதுமோ? தண்ணி ஆர் கட்டுறது?"

விக் என்ற பேச்சும் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓடுகிறவனுக்கு அது சரிவராது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது எது எதோடு வரும் என்று யார் கண்டது?

இந்த நேரத்தில்தான் சம்பந்தம் வந்தது. கனகராயன்குளத்துப் பெண். பெயர் தர்சிகா. வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. சாதகம் பொருந்தியது. எங்கள் பக்கத்திலிருந்து போன படம் நிரோஜனின் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. அதில் அவனுக்குக் காடு மாதிரி முடி. பெண் ஓம் என்றாள். இரண்டு பேரும் போனில் பேசத் தொடங்கினார்கள்.

"மாமா, அவா கதைக்கேக்கை நேரம் போறதே தெரியேல்ல" என்று என்னிடமே வந்து சொன்னான். பையன் விழுந்துவிட்டான் என்று புரிந்தது. கூடவே பயமும் பிடித்துவிட்டது. தலையைப் பார்த்தால் வேண்டாம் என்றுவிடுவாளோ? வீடியோ கோலில் புருவத்துக்கு மேலே காட்டமாட்டான். நேரில் சந்திப்போம் என்று அவள் கேட்டால் ஒருமுறை பரீட்சை, ஒருமுறை விளையாட்டுப் போட்டி, ஒருமுறை காய்ச்சல். மல்லாவிக்கும் வவுனியாவுக்கும் நடுவே கடலா கிடக்கிறது?

ஒருவழியாகத் தோல் வைத்தியரிடம் போனான். அவர் ஒரு பெண் டொக்டர். தலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரும்புச்சத்து, தைரொயிட் எல்லாவற்றுக்கும் இரத்தம் சோதித்தார். குறை இல்லை. "இது பரம்பரை" என்றார். (மறுபடியும் நான்!) விழுங்குகிற குளிசையும் இருக்கிறது, அதன் பக்கவிளைவுகள் இவை என்று விளக்கினார். இவன் தலையில் பூசுகிற மருந்து மட்டும் போதும் என்றான்.

"வளரும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். முதல்ல இருக்கிறதைக் காப்பாத்துவம். தொடக்கத்தில கொஞ்சம் கூடுதலாக் கொட்டும், பயப்படாதைங்கோ. பூசுறதை விட்டா, வந்ததும் போயிடும்."

டொக்டர் சொன்னது அவனுக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியாதே! மருந்து பூசிய சில வாரங்களில் தலையணை முழுக்க முடி. தங்கை பயந்துபோய் அம்மன் கோயிலுக்கு ஓடினாள். நேர்த்திக்கடன் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. மெதுமெதுவாக உச்சியில் பூனை மயிர் மாதிரி ஏதோ வந்தது. பிறகு கறுத்தது. காடு என்று சொல்லமுடியாது, ஆனாலும் கரும்பலகைக்கு நேராக நிற்கலாம். பெண் வீட்டாரை வரச் சொல்லலாம் என்று அவனே சொன்னான். அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. அப்போதுதான் தங்கை வாயைத் திறந்திருக்கிறாள்.

நான் போய் இறங்கியபோது அவள் பூட்டின கதவுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடி முளைச்சா, மொட்டை அடிச்சு அந்த முடியையே தாறன் எண்டு அம்மாளாச்சிக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை. நாளைக்கு வெள்ளி. மொட்டை அடிக்க வேணும்."

"உனக்கு விசரே? முளைக்க வேணும் எண்டு கேட்டுப்போட்டு, முளைச்சதை வழிச்சுத் தாறன் எண்டோ சொன்னனீ?"

"கேட்டது முடி. அப்ப முடியைத்தானே குடுக்க வேணும்?"

அவளுடைய நியாயத்தில் ஓட்டை இல்லை. அதுதான் கஷ்டம்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "மருந்து பூசினது நான்!"

"பூசப் புத்தி குடுத்தது ஆர்?" என்று இவள் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். மூன்று இடத்தில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தாலே போதும் என்றார், நல்ல மனிதர். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் மொட்டை எண்டெல்லோ சொன்னனான். அம்மாளாச்சியை ஏமாத்தச் சொல்லுறியளோ? கலியாணத்தண்டு தலைப்பாகை கட்டத்தானே போறான், ஆருக்குத் தெரியப் போகுது?"

நேர்த்தியை முடிக்காவிட்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்பது தாயின் பயம். முடித்தால் குழம்பிவிடும் என்பது மகனின் பயம். இரண்டு பேருக்கும் நடுவே நான், வெறுந்தலையோடு.

எனக்கு மட்டும் கதவைத் திறந்தான். முகம் வீங்கியிருந்தது. "டொக்டரிட்டைக் கேட்டனான் மாமா. வழிச்சா வேருக்கு ஒண்டும் ஆகாதாம், திரும்ப வருமாம். ஆனா அடுத்த கிழமைக்குள்ள வராதே! அவா என்னைப் பார்க்கிற முதல் நாள் மொட்டைத் தலையோடயோ நிக்கிறது?"

பாவமாக இருந்தது. "தேத்தண்ணி குடிப்பம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவள்தான். எழும்பப் போன என்னைக் கையைப் பிடித்து இருத்திவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டான். தனியாகக் கேட்கத் துணிவில்லை.

"அடுத்த கிழமை நிற்பியளோ, இல்லாட்டி அதுக்கும் ஏதும் வேலை வந்திட்டுதோ?" என்றாள் தர்சிகா. குரல் சூடாக இருந்தது.

என்ன நினைத்தானோ, கொட்டிவிட்டான். பழைய படம், வெங்காயம், டொக்டர், அம்மாவின் நேர்த்தி - ஒரே மூச்சில். "நாளைக்கு எனக்கு மொட்டை. உமக்குப் பிடிக்காட்டி இப்பவே சொல்லும்."

நான் போனுக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனேன்.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"ஓம்."

"நீங்கள் ஒவ்வொருக்காலும் வராமல் விட, உங்களுக்கு வேறை ஆரோ இருக்கினம் எண்டு நான் நினைச்சனான். இண்டைக்கு இதையும் தட்டிக் கழிச்சிருந்தா, அம்மாட்டை வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். தெரியுமோ?"

அவன் தன் தலையைத் தடவிக்கொண்டான்.

"முடி கொட்டினதுக்கு எனக்குக் கோபமில்லை. ஒளிச்சதுக்குத்தான். சரியான கோபம்." பிறகு, "எந்தக் கோயில்? எத்தினை மணிக்கு?"

தலையைக் காட்டினால் போய்விடுவாள் என்று பயந்தவன், மறைத்ததால் அவளை இழக்கப் பார்த்தான். சிகிச்சையில் பிழை இல்லை. நோயைத்தான் பிழையாகப் பிடித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை தர்சிகாவும் தாயும் கோயிலடியில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவன் அப்போது பாதி வழித்த தலையோடு குந்தியிருந்தான். அந்த நிலையில் எழும்பி ஓடவா முடியும்? அவள் கையைக் கட்டிக்கொண்டு, கடைசி மயிர் விழும்வரை நின்று பார்த்தாள். சந்தனம் பூசி முடிந்ததும் அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

தங்கை பதறிப்போய் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "பிள்ளை, குறை நினைக்காதை. திரும்ப வளரும். எல்லாம் என்ர பிழைதான்..."

தர்சிகா அந்தக் கையை விடவில்லை.

"பரவாயில்லை மாமி. ஆனா இனி ஏதும் நேர்த்தி வைக்கிறதெண்டால், என்னையும் ஒருக்கா கேட்டுப்போட்டு வையுங்கோ."

நான் கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி ஐயரிடம் நடந்தேன்.