மேலுக்குத்தானே ஒட்டினோம்!

என் கணவருக்குப் பம்மல் தோல் ஷாப்பில், பதனிட வரும் மாட்டுத்தோலைத் தொட்டியில் ஊறப்போடும் வேலை. இடுப்புப் பிடிப்புக்கு டாக்டர், பெல்லடோனா என்ற வீரியமான மருந்து தடவிய பிளாஸ்திரி ஒன்று ஒட்டச் சொன்னார். “மேலுக்குத்தானே, இன்னா ஆய்டப்போவுது?” என்று இவர் இடுப்பிலும் முதுகிலுமாக நான்கை ஒட்டிக்கொண்டார்.

மறுநாள் மதியம் நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, “யாரும்மா நீ?” என்று என்னையே கேட்டார். ரிக்‌ஷாவில் போட்டுத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். “என்ன மருந்து சாப்பிட்டார்?” என்று அங்கிருந்த டாக்டர் கேட்கக் கேட்க, “ஒண்ணுமே இல்லீங்க” என்றே அழுதேன். இவர் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும்தான், மருந்து தோல் வழியாக உள்ளே இறங்கியது டாக்டருக்குப் புரிந்தது. பிளாஸ்திரிகளை உரித்து, முதுகைக் கழுவிச் சிகிச்சை செய்தார்கள்.

இவர் தெளிந்ததும், “தினம் தோலைத் தொட்டியில ஊறப்போடுறே! தோல் குடிக்கும்னு உனக்கே தெரியலியாய்யா?” என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் எந்த டாக்டர் கேட்டாலும், சாப்பிட்ட மருந்தைச் சொல்வதற்கு முன்னால் பூசியதையும் ஒட்டியதையும் சொல்லிவிடுகிறேன்.