கட்டிலின் மறுமுனை

இது நடந்தது. நம்பாதவர்கள் குண்டுவைக் கேட்கலாம். அன்று கட்டிலின் மறுமுனையைத் தூக்கியிருக்க வேண்டியவன் அவன்தான்.

வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் நாடகம் போடுகிற குழு எங்களுடையது. புதிதாக எழுதுகிறவர்களின் குறுநாடகங்கள் ஐந்து, ஒரே மாலையில். கடைசி நாடகம் என்னுடையது. அப்பாவின் கடைசி நாளைப் பற்றியது. அன்று நான் வெளியூரில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பார்க்காததைத்தான் எழுதியிருந்தேன். பார்த்தவள் அம்மா, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கொடுத்தனுப்பிய அப்பாவின் மரக்கட்டில் மேடை ஓரத்தில் கிடந்தது.

ஒரு நாடகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே முப்பது விநாடி இருட்டு. அதற்குள் சாமான்களை மாற்ற வேண்டும். பேசக் கூடாது. கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு என்றால் தூக்கு. ஒரு தட்டு என்றால் வைத்தாயிற்று, கையை விடு. நானும் குண்டுவும் பேசி வைத்துக்கொண்டது. ஆள் ஈர்க்குச்சி, பெயர்தான் குண்டு.

மணி 7:40. நான்காவது நாடகம் முடியப் போகிறது. குண்டுவைக் காணோம். இயக்குநர் அண்ணனிடம் ஓடினேன்.

"எட்டு மணிக்கு ஹாலை விட்டாகணும்மா. வெளிச்சம் வரும்போது கட்டில் இல்லன்னா திரையைப் போட்டுடுவேன்."

தனியாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்பாவுக்கு என்று நான் செய்தது இந்த நாடகம் ஒன்றுதான். கண்ணீர் முட்டியது.

விளக்கு அணைந்தது.

கால்மாட்டில் நின்று இரண்டு தட்டு தட்டினேன். யாராவது வந்துவிடுங்கள்...

டக்... டக்.

மறுமுனையிலிருந்து பதில். கட்டில் எழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நடந்தோம். என் காலடி மட்டும் கேட்டது.

மறுமுனை உயரமாக இருந்தது. குண்டு என் தோளுக்குத்தான் வருவான்.

நடுமேடையில் கட்டில் சுழன்றது. ஒத்திகையில் தலைமாடு நாடகத்து வீட்டு வாசல் பக்கம். இப்போது கால்மாடு வாசல் பக்கம் போனது. எதிர்த்து இழுத்தேன். முடியவில்லை.

வைத்தோம்.

ஒரு தட்டுக்காகக் காத்திருந்தேன்...

வரவில்லை.

வெளிச்சம் வரத் தொடங்கியது. விட்டுவிட்டு ஓடினேன்.

நாடகம் நடந்தது. கைதட்டினார்கள். அதன் பிறகுதான் குண்டு கிடைத்தான். கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கி, உள்ளே கத்திக்கொண்டிருந்தானாம்.

"கட்டிலை யாருக்கா தூக்கினது?"

அதற்குள் அம்மா மேடையேறி வந்து கட்டில் சட்டத்தைத் தடவினாள்.

"வாசலைப் பாத்த மாதிரி திருப்பிப் போட்டிருக்கியே. யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்பாவுக்குப் பேச்சு போனப்புறம் இதுல ரெண்டு தட்டு தட்டுவாரு. அப்புறம் வாசலைக் காட்டுவாரு. தண்ணிக்குன்னு நெனச்சு ஊத்திக்கிட்டே இருந்தோம். நீ வர்றதைப் பாக்கணும், கட்டிலைத் திருப்புங்கன்னு சொல்லியிருக்காரு. அவர் போனப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது."

கட்டில் இப்போது வீட்டில், வாசலைப் பார்த்துக் கிடக்கிறது.

கையை விடு என்கிற அந்த ஒரு தட்டு மட்டும் இன்னும் வரவில்லை.