ரப்பர் செருப்பு போட்ட பேய்

என் அக்காவுக்கு முழங்காலைத் தொடும் முடி. எனக்கு எலிவால். அது போதாதென்று, நான் ஐந்தாவது படிக்கும்போது அவள் சினிமாவிலும் நடித்துவிட்டாள்.

திருப்பரங்குன்றம் போகும் வழியில் ஒரு பழைய பங்களாவில், கையில் காசில்லாத யாரோ பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் என் தாய்மாமா. பேயாக நடிக்க வந்த பெண் எறும்பு கடித்ததென்று கோபித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாளாம். கோயிலுக்கு என்று அம்மாவிடம் பொய் சொல்லி மாமா அக்காவை அழைத்துப்போனார். துணைக்கு நான்.

"நானும் நடிக்கிறேன் சார்" என்றேன் டைரக்டரிடம். அவர் என் தலையைப் பார்த்தார். "இம்புட்டூண்டு முடிக்கு யாரு பாப்பா பயப்படுவா?"

சாம்பிராணிப் புகைதான் பனிமூட்டம். தகரத்தை ஆட்டினால் இடி. ரத்தம் ரோஸ் சர்பத். ஈ மொய்க்காமலிருக்க ஒருவர் விசிறிக்கொண்டே இருந்தார். அக்கா வெள்ளைச் சேலையில், முடியை விரித்துப் போட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டிப் புகைக்குள் நடந்தாள். தரையெல்லாம் நெருஞ்சி முள் என்பதால் ரப்பர் செருப்பைக் கழற்றவில்லை.

படம் செல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தபோது தெருவே போனது. "பேய்க்குச் செருப்பாடா!" என்று முன்வரிசையில் சிரித்தார்கள். தகரம் இடித்ததும் அவர்களே அலறினார்கள். பக்கத்து வீட்டு அத்தை என் கையை நசுக்கிவிட்டார். என் அக்காவின் முதுகுக்கா இத்தனை பேர் பயப்படுகிறார்கள்? ஒரு வாரம் தெருவில் அதே பேச்சு. யாரிடமும் சொல்லக்கூடாதென்று மாமா சத்தியம் வாங்கியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு வெந்தேன்.

அந்த மாதமே தல்லாகுளத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கோர்ட்டில் வேலை. அவருடைய அம்மா அக்காவின் பின்னலைக் கையில் ஏந்தி, "எம்புட்டு முடி! மகாலட்சுமியாட்டம் இருக்கா" என்றார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மகாலட்சுமி இல்ல, பேய்! அந்தப் பேய்ப்படத்துல நடந்தது இவதான்."

அம்மாவுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. "சின்னக் கழுதை என்னத்தையோ ஒளறுது. தப்பா நெனைக்காதீக" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். வந்தவர்கள் சிரித்துவிட்டுக் கேசரியை எடுத்தார்கள். நான் பொய்க்காரியானதோடு விஷயம் முடிந்தது.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்தாள். "அவ சொல்றது நெசந்தான் அத்தே. நான்தான் நடந்தேன். படம் பாத்தீகளா?"

அந்த அம்மாவின் கை பின்னலை விட்டது. "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வருமே, அதா?"

"ஆமா. முள்ளு குத்துச்சு."

பத்து நிமிஷத்தில் வீடு காலி. அம்மா அழுதாள். அப்பா மாமாவைத் தேடி சைக்கிளை எடுத்தார். அக்கா மிச்சக் கேசரியில் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் தொடவில்லை. போட்டு உடைத்தவள் நான். ஆனால் அப்போதும் எல்லோரும் பார்த்தது அவளைத்தான்.

அதன்பிறகு கொஞ்ச காலம் வரன் ஒன்றும் வரவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்கு டீச்சர் டிரெயினிங்காவது போகட்டும் என்று அப்பா ஒப்புக்கொண்டார். ஒரு வருடமாக அவள் அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தான். தினமும் காலையில் புத்தகங்களோடு பஸ் பிடிக்க ஓடுவாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைக்கே கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், தெரியாமல் உளறிக் கெடுத்துக்கொண்டாள், நன்றாக வேண்டும் என்று ரொம்ப நாள் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.