வெந்நீர் அடுப்புக்குப் போன பங்குப் பத்திரங்கள்

என் கணவர் காரைக்குடியில் ஒரு கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். ஊமைப்படக் காலத்தில் படம் காட்டிய கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களைப் பழைய காகிதக் கடைகளில் தேடித் தேடிச் சேர்ப்பார். படம் காட்டும் மெஷினின் படத்தை அச்சடித்த பத்திரம் கிடைத்துவிட்டால் அன்று சாப்பாடே மறந்துவிடும்.

"நொடிச்ச கம்பெனிக் காயிதம் எதுக்கு?" என்று கேட்டால், "கம்பெனிதான்டி செத்துச்சு, படம் எப்புடி மினுங்குது பாரு" என்பார்.

சில வருஷங்களுக்கு முன் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வழக்கப்படி நான் உள்ளறையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் அவருடைய அண்ணன் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நொடிச்ச காயிதத்தை வச்சிருந்தா வீடும் நொடிச்சுப் போகும். வெந்நி அடுப்புல போடுங்கப்பா" என்றார்.

கணவரின் அண்ணன் எதிரில் நான் அதுவரை வாய் திறந்து பேசியதில்லை. பக்கத்திலிருந்த நாத்தனாரிடம், "வேணாமுன்னு சொல்லுத்தா" என்று முனகினேன்.

"சும்மா இருங்க மதினி, ஆம்பளைக பேசுறாக" என்று அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வெந்நீரில்தான் என்னைக் குளிப்பாட்டினார்கள்.

இப்போது எந்த இழவு வீட்டுக்குப் போனாலும், புருஷனை இழந்தவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். "அவுக பொருள்ல எதை வச்சுக்கிறணும்த்தா?" என்று காதோடு கேட்கிறேன். அவள் சொன்னதைக் கூடத்துக்கு வந்து, ஆண்கள் காதில் விழும்படி நானே சொல்லிவிடுகிறேன். குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது.