சனிக்கிழமை சாப்பிட்ட கூஸ்கூஸ்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று இருபது. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு பெரிய தட்டு. ரவையைவிடச் சற்றுப் பெரிய மணிகளாகக் குவிந்த கூஸ்கூஸ், பூசணி, கரட், ஆட்டிறைச்சி. தட்டுக்குப் பின்னால் கீழ்வீட்டு மொரோக்கோப் பெண். “சூட்டோட சாப்பிடுங்கோ” என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருடைய கணவர் தொழுகை முடிந்து வரும் நேரம்.

அது 2006. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிப்படியில் நின்று கதைக்கும் ஒரே ஆள் அவர்தான். மொரோக்கோ வீடுகளில் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் நாள். அயலுக்கும் ஒரு தட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மனைவி இதை அவரிடம் சொல்லவேயில்லை. வேண்டாமென்றால் தட்டோடு ஆளும் வராமல் போய்விடுவார் என்ற பயம். தட்டு பிரிட்ஜுக்குள் போகும். சனி மத்தியானம் சாப்பிடுவோம்.

“இனிப் போய்ச் சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் வாங்கினனீங்கள் எண்டு கேப்பா” என்பாள்.

மறுநாள் காலை எங்கள் மகள் ஸ்ட்ரோம்மனுக்குப் பஸ் பிடிக்க இறங்கினாள். லிஃப்டில் கீழ்வீட்டுப் பெண் கூஸ்கூஸ் எப்படி என்று கேட்டிருக்கிறார். இன்னும் சாப்பிடவில்லை, வெள்ளியில் இறைச்சி தின்பதில்லை என்று பிள்ளை உள்ளதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. சற்று நேரத்தில் எங்கள் வீட்டு மணி அடித்தது.

“ஒவ்வொரு முறையும் சனிக்கிழமையா?” என்றார் வாசலில் நின்ற அவர்.

“குறை நினைக்காதேங்கோ” என்றாள் மனைவி. “வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறிதான்.”

“அது உங்கட கடவுளின்ர விசயம். என்ர கூஸ்கூஸ் என்ன பாவம் செய்தது? அடுத்த நாள் அது கல்லெல்லோ. மைக்ரோவேவில வைச்சனீங்களோ?”

“இல்லை. இறைச்சியையும் மரக்கறியையும் வேறாக்கிப்போட்டு, புட்டு அவிக்கிற பானையில திரும்ப அவிச்சனான்.”

அவர் பானையைக் காட்டச் சொன்னார். மேற்பாத்திரத்தைத் தூக்கி, அடியிலிருந்த துளைகளை வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு பாத்திரங்களும் சேரும் இடத்தில் சுற்றும் பழந்துணியைத் தொட்டார்.

“ஆவி வெளிய போகாமலோ?”

“ஓம்.”

“நானும் சுத்துறனான்.” அப்போதுதான் சிரித்தார். “வாற வெள்ளி இஞ்சைதான் சமையல்.”

சொன்னபடி வந்தார். கையில் கூஸ்கூஸ் மணியும் வெண்ணெயும். பானையில் ஏழு மரக்கறியும் கடலையும் கொதிக்க, அந்த ஆவியில் மணியை மூன்று தடவை அவித்தார். ஒவ்வொரு தடவையும் தாம்பாளத்தில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, கட்டி இல்லாமல் விரலால் உதிர்த்தார். மூன்றாம் தடவை மனைவியும் கையை விட்டாள். சூட்டுக்கு இருவருமே கையை எடுக்கவில்லை.

“உங்கட மனுசன் உதிர்ப்பாரோ?” என்று கேட்டார் அவர்.

“அவர் தின்னத்தான் வருவார்.”

“என்ரையும் அதே சாதிதான்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தொழுகை முடிந்து அவருடைய கணவர் நேரே மேலே வந்தார். ஒரே தட்டைச் சுற்றி ஐந்து பேரும் அமர்ந்தோம். மொரோக்கோ முறைப்படி அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் உண்ண வேண்டும். இறைச்சி நடுவில், மரக்கறிக்கு அடியில் இருக்கும். வீட்டுத் தலைவர் அதைக் கடைசியில் பங்கிடுவார். அன்றைய சமையல் பற்றி அந்தக் கணவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தன் பக்கத்தைச் சாப்பிட்டு முடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கரண்டியால் பூசணித் துண்டை மெல்ல விலக்கினார்.

அடியில் கத்தரிக்காய் இருந்தது.